களவு போகாத சரக்கு

டிரைவர் திருடர் என்று லாரி சங்கத்தின் கணக்கில் பதினோரு பேர் சொல்லிவிட்டார்கள். பன்னிரண்டாவது ஆளாக அதை டிரைவரே சொல்லப்போகிறார், இன்று மாலை நாலு மணிக்கு, மேடையேறி, மைக்கைப் பிடித்து. அதைத் தடுக்க வேண்டும் என்றுதான் அவர் மனைவி காலையிலேயே வந்து அண்ணியின் எதிரில் உட்கார்ந்திருந்தாள்.

துப்பறிவாளர் என்றால் நீளக் கோட்டும் பூதக்கண்ணாடியுமாக யாரோ எழுந்து நிற்பார்கள் என்று நினைத்து வருகிறவர்களுக்கு அண்ணி ஒரு பெரிய ஏமாற்றம். வீங்கிய கணுக்காலை ஸ்டூலில் நீட்டிக்கொண்டு, நழுவும் மூக்குக்கண்ணாடியைப் புறங்கையால் தள்ளிக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் பிள்ளையைச் சேர்க்க வந்த அம்மாள் போல உட்கார்ந்திருப்பாள். துப்பறிய வருவதற்கு முன்னால் பல வருஷம் இன்ஷூரன்ஸ் கம்பெனிகளுக்கு நட்டம் மதிப்பிடும் சர்வேயர். எரிந்த குடோன், கவிழ்ந்த லாரி, மூழ்கிய மூட்டை என்று ஊரார் கஷ்டத்தை எடைபோட்டே வயிறு வளர்த்தவள்.

அவளை அண்ணி என்று கூப்பிட ஆரம்பித்தவன் கொழுந்தன், அதாவது அவள் கணவனின் தம்பி. கேட்ட ஊரும் அப்படியே கூப்பிட்டது. கணவன் ஒருநாள் சிகரெட் வாங்கப் போனவன் திரும்பவில்லை. ‘ஊர்ல இருக்கறவனை எல்லாம் தேடுறீங்க, புருஷனைத் தேடலையா’ என்று யாராவது துணிந்து கேட்டால், ‘தொலைச்சவங்கதான் தேடணும். எனக்கு அது தானா தொலைஞ்சுது’ என்பாள். அண்ணன் விட்டுப்போன சாமான்களில் உருப்படியானது தம்பி ஒருவன்தான். அவனைத் தன் உதவியாளாக வைத்துக்கொண்டாள்.

“அழுகையெல்லாம் அப்புறம். முதல்ல விஷயத்தைச் சொல்லும்மா” என்றாள் அண்ணி.

“நான் எங்கங்க அழறேன்? அதெல்லாம் வத்திப்போய் மாசக்கணக்காச்சு.”

உண்மைதான். அவள் அழவில்லை. ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகளை வெளுத்துக் கொடுக்கும் சலவைக்கூடத்தில் இஸ்திரி போடுகிறவள். ஆவியில் வெந்து வெளிறிய விரல்களை மடியில் கோத்துக்கொண்டு, மனப்பாடமாகச் சொன்னாள்.

சரக்கு லாரி முதலாளிகளுக்கு ஒரு சங்கம் உண்டு. சங்கத்துக்குக் கழுகு என்றொரு ஏற்பாடு உண்டு. எவன் டீசல் உறிஞ்சினான், எவன் லோடில் கைவைத்தான், எவன் வண்டியோடு மாயமானான் என்று ஒரு கம்பெனிக்குத் தெரிந்ததெல்லாம் மற்ற கம்பெனிகளுக்கும் அந்த நொடியே கம்ப்யூட்டரில் தெரிந்துவிடும். லைசென்ஸ் எண்ணைத் தட்டினால் டிரைவரின் படத்துக்குப் பக்கத்தில் ஒரு வட்டம் வரும். பச்சை என்றால் ஏற்று, மஞ்சள் என்றால் பார்த்து ஏற்று, சிவப்பு என்றால் வாசலோடு அனுப்பு. தப்புச் சொல்ல முடியாத ஏற்பாடு. ஒரு கம்பெனியில் திருடிவிட்டு அடுத்த தெருக் கம்பெனியில் ‘அண்ணே, வாங்க’ என்ற வரவேற்போடு வேலைக்குச் சேர்ந்துகொண்டிருந்த பலே ஆசாமிகள் நிறையப் பேர் அதில் மாட்டினார்கள்.

நம் டிரைவரும் மாட்டினார். ஏழு மாதமாகச் சிவப்பு. பெரிய வண்டியைத் தவிர வேறெதுவும் ஓட்டத் தெரியாத மனிதர், அடுத்தவர்களின் லாரிகளைக் கழுவிக்கொண்டிருந்தார். நர்ஸ் படிப்புப் படித்துக்கொண்டிருந்த மகள் பாதியில் நிறுத்திவிட்டு அம்மாவுக்குப் பக்கத்து மேசையில் இஸ்திரிப் பெட்டியைப் பிடித்தாள்.

இன்றைக்கு சங்கம் ‘மனமாற்ற முகாம்’ நடத்துகிறது. சிவப்பு டிரைவர்கள் மேடையேறிக் குற்றத்தை ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டால் சிவப்பு மஞ்சளாகும். மஞ்சளுக்கு இன்றைக்கே லோடு கொடுக்கப் பல கம்பெனிகள் தயார். இதை விட்டால் அடுத்த வருஷம்தான்.

“ஆக, திருடினவனுக்கு ஒரு வழி வச்சிருக்காங்க” என்றான் கொழுந்தன். “திருடாதவனுக்கு?”

“கேட்டேன் தம்பி. திருடாதவன் எப்படிம்மா சிவப்புல வருவான்னு என்னையே திருப்பிக் கேக்குறாங்க.”

“நியாயம்தான். ஆஸ்பத்திரியில இருக்கறவன் எல்லாம் நோயாளி, பாக்க வந்தவன் உட்பட.”

அண்ணி அவனை ஒரு பார்வை பார்த்தாள். அவன் வாயை மூடினான். அவனுக்கு அது மூடுகிற பழக்கமில்லாத வாய்; கொஞ்ச நேரம்தான் தாங்கும்.

“அவரு கையெழுத்துப் போடறதுன்னு முடிவு பண்ணிட்டாருங்க” என்றாள் அந்தப் பெண். “நான் விடமாட்டேன். அடுத்தவங்க பொருள்ல ஒரு துரும்பைத் தொடாத மனுஷன். எந்தப் பாவி முதல்ல பத்த வச்சான்னு மட்டும் கண்டுபிடிச்சுச் சொல்லுங்க. என் பொண்ணு புஸ்தகத்தையெல்லாம் கட்டிப் பரண்ல போட்டா. அன்னிலேருந்து தினம் அவனை வாய்விட்டுத் திட்டாம நான் படுத்ததே இல்ல. அவன் கை விளங்காமப் போகணும். அவன் புள்ளைங்களும் இப்படி நிக்கணும்.”

அண்ணி ஸ்டூலிலிருந்து காலை இறக்கினாள். நட்டம் மதிப்பிடுகிறவர்கள் எந்த விபத்திலும் முதலில் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. அதைக் கேட்டாள்.

“என்ன போச்சு?”

“தெரியலீங்க.”

“என்னம்மா இது. ஏழு மாசமா திருடன் திருடன்னு சொல்றாங்க. என்னத்தைத் திருடினாருன்னு சொல்லலியா?”

“கேட்டதுக்குக் கழுகுல இருக்குன்னாங்க.”

“சரி, கிளம்பு” என்றாள் அண்ணி கொழுந்தனைப் பார்த்து. “என்ன போச்சுன்னு கேட்டுட்டு வருவோம்.”

*

டிரைவர் கடைசியாக வேலை பார்த்த கம்பெனியின் மேனேஜர் பல் குத்திக்கொண்டிருந்தார். அவசர வேலையில் இருப்பவர் போன்ற முகத்தோடு அதைச் செய்தார். அவருக்குப் பின்னால் சுவரில் ‘நேர்மையே எங்கள் எஞ்சின்’ என்று எழுதி மாட்டியிருந்தது. எஞ்சினுக்குக் கீழே எண்ணெய்க் கறை.

“துணி பேல்ங்க. ரெண்டு மூணு பேலை வழியில எறக்கிட்டான்” என்றார்.

“நீங்க பாத்தீங்களா?”

“நான் எங்க பாக்குறது? கழுகு காட்டுது. பதினோரு பேர் சொல்றாங்கம்மா. பதினோரு பேரும் பொய் சொல்வாங்களா?”

“முதல் நாள் நீங்க பாக்குறப்போ எத்தனை பேர் சொன்னாங்க?”

மேனேஜர் பல்குச்சியை வெளியே எடுத்து அதைக் கேட்பதுபோல் பார்த்தார். “ஒருத்தர்தான். சந்தேகம்னு போட்டிருந்தது. சரி, எதுக்கு வம்புன்னு ஆளை நிறுத்தி வச்சேன். நிறுத்தி வச்சதை நானும் கழுகுல ஏத்தினேன், அது எங்க கடமை. உடனே கணக்கு ரெண்டுன்னு ஆச்சு. ரெண்டு பேர் சொன்னப்புறம் எப்படிங்க சேத்துக்கறது?”

“அந்த ரெண்டாவது ஆளு நீங்கதானே சார்” என்றான் கொழுந்தன். “கண்ணாடியில உங்களையே பாத்துட்டு, ஐயோ வீட்டுல யாரோ ஆம்பளை நிக்கிறான்னு பயந்துட்டீங்க.”

மேனேஜர் சிரிக்கவில்லை. சரக்கு இறங்கியதற்கான ரசீதைக் கேட்டாள் அண்ணி. உள்ளே போய்த் தேடி எடுத்து வந்தார். அண்ணி ஒருமுறை பார்த்துவிட்டுக் கொழுந்தனிடம் நீட்டினாள். ஒருநாள் தாமதம். சரக்கு முழுவதும் சரியாக வந்து சேர்ந்தது என்று வாங்கியவரின் கையெழுத்து, முத்திரை.

“இது பாத்ரூம் டைல்ஸ் ஏத்தின வண்டிங்க” என்றான் கொழுந்தன். “டைல்ஸ் லாரியிலேருந்து துணி பேலைத் திருடறதுன்னா அவன் டிரைவர் இல்ல சார், மந்திரவாதி.”

மேனேஜர் ரசீதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் முகத்தில் வெட்கம் வரும் என்று கொழுந்தன் எதிர்பார்த்தான். வந்தது எரிச்சல்தான். “அப்போ வேற ட்ரிப்பா இருக்கும்” என்றார்.

“அவரு அதுக்கப்புறம் ட்ரிப்பே போகலியே.”

“அதுக்கு முன்னாடி.”

“முன்னாடி பச்சைதானே சார்.”

“பாருங்க, எனக்கு வேலை இருக்கு” என்று மேனேஜர் பல்குச்சியை மறுபடி எடுத்தார்.

அடுத்த கம்பெனியில் திருட்டுப் போனது டயர். ஸ்டெப்னியோடு சேர்த்து நாலு. அதற்கடுத்த கம்பெனியின் முதலாளியம்மா நெஞ்சில் கைவைத்துக்கொண்டாள். “பால் பவுடருங்க. பச்சைக் குழந்தைங்க குடிக்கிற பால்ல கைவைக்க எப்படித்தான் மனசு வந்துச்சோ” என்றாள். கண்ணில் நிஜமாகவே ஈரம். போனில் பேசிய நாலாவது ஆள், லாரியையே விற்றுவிட்டதாகக் கேள்வி என்றார். மேனேஜரைத் தவிர இவர்கள் யாரிடமும் டிரைவர் ஒருநாள்கூட வேலை பார்த்ததில்லை. வேலை கேட்டுத்தான் போயிருக்கிறார். போன இடத்தில் எல்லாம் சிவப்பைப் பார்த்து இல்லை என்றிருக்கிறார்கள், இல்லை என்றதைக் கடமை தவறாமல் கழுகில் ஏற்றியிருக்கிறார்கள். அவர் ஏறி இறங்கிய ஒவ்வொரு படியும் அவருக்கு எதிரான ஒரு சாட்சி.

“இன்னும் ரெண்டு கம்பெனி போனா ரயிலை ஓட்டிட்டுப் போயிட்டாருன்னு சொல்வாங்க அண்ணி” என்றான் கொழுந்தன். “கறுப்பா வாந்தி எடுத்தான்னு ஒருத்தன் சொல்ல, காக்காயா வாந்தி எடுத்தான்னு அடுத்தவன் சொன்ன கதைதான். பேரு மட்டும் கழுகு.”

“காக்கா கதையிலகூட முதல்ல ஒருத்தன் நெசமா வாந்தி எடுத்தான்டா” என்றாள் அண்ணி. “இங்க அதுவும் இல்ல. அந்த முதல் ஆள் எதைப் பாத்துச் சொன்னான்? அது தெரிஞ்சாப் போதும்.”

*

சங்கத்தின் செயலாளர் அறையில் பித்தளைக் கழுகு ஒன்று சிறகை விரித்து மேசையில் பாதியை அடைத்துக்கொண்டிருந்தது. மீதிப் பாதியைச் செயலாளர் அடைத்துக்கொண்டிருந்தார். எதிரில் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தாலும் இரண்டாயிரம் பேருக்குப் பேசுகிற குரல்.

“தகவல்தான் அம்மா இன்றைய காவல்காரன். ஒருவர் கண் தூங்கும், பதினோரு பேர் கண் தூங்காது. நாங்கள் செய்திருப்பது ஒரு புரட்சி.”

“புரட்சியில ஒரு சின்ன ஓட்டைங்க” என்றாள் அண்ணி. “இந்த டிரைவர் எதையுமே திருடலை. சரக்கு முழுசா இறங்கியிருக்கு. உங்க பதினோரு சாட்சியில பத்துப் பேர் ஒருத்தரை ஒருத்தர் பாத்துச் சொன்னவங்க.”

“அதற்குப் பெயர்தான் ஒருமித்த கருத்து.”

“திருட்டே நடக்கலீங்களே.”

செயலாளர் நாற்காலியில் சாய்ந்தார். இந்த மாதிரி எளிய மனங்களை அவர் நிறையப் பார்த்திருக்கிறார் என்பது சாய்ந்த விதத்திலேயே தெரிந்தது. “திருட்டு நடக்கும் முன்பே கழுகு எச்சரித்திருக்கிறது என்றால், அது அதன் கூர்மையைத்தானே காட்டுகிறது?”

“நடக்காததை, நடக்கறதுக்கு முன்னாடியே பிடிச்சிட்டீங்க. பெரிய விஷயம்தான்” என்றாள் அண்ணி. “சரி, தப்புன்னு தெரிஞ்சா அழிக்கறதுக்கு வழி என்ன?”

“எல்லாவற்றையும் யோசித்துத்தான் வைத்திருக்கிறோம். சரக்கு மீட்கப்பட வேண்டும். அல்லது குற்றவாளி ஒப்புக்கொள்ள வேண்டும். அல்லது முதல் புகார் கொடுத்தவரே நேரில் வந்து வாபஸ் வாங்க வேண்டும். வாங்கினால் மற்றவையும் தானாக விழுந்துவிடும்.”

“போகாத சரக்கை மீட்க முடியாது. அப்போ முதல் ஆள்தான் பாக்கி. யாருங்க அவரு?”

“ரகசியம்” என்றார் செயலாளர் மலர்ந்த முகத்தோடு. “புகார் கொடுப்பவருக்கு நாங்கள் அளிக்கும் பாதுகாப்பு அது. நீங்கள் முகாமுக்கு அவசியம் வர வேண்டும். இந்த வருஷம் இதுவரை தீர்த்த வழக்குகளைத் திரையில் போட்டுக் காட்டுகிறோம்.”

வெளியே வராந்தாவில் அண்ணி சுவரைப் பார்த்து நின்றாள். சுவரில் ஒட்டியிருந்த அறிவிப்பில் ‘சந்தேகமா? உடனே அழையுங்கள்’ என்று கொட்டை எழுத்தில் ஒரு தொலைபேசி எண். அண்ணி கைப்பேசியை எடுத்து அந்த எண்ணை அழுத்தி, கொழுந்தனுக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டாள்.

“வணக்கம், கழுகு உதவி மையம்” என்றது இளம் பெண்குரல். பின்னால் ஜெனரேட்டர் ஓடும் சத்தம்.

“ஒரு டிரைவரைப் பத்திச் சொல்லணும்மா. லோடை முழுசா, பத்திரமா எறக்கிட்டாரு.”

“இதுல புகார் எதுங்க?”

“புகார் இல்ல. நல்லபடியாச் சேர்த்துட்டாரு. அதைப் பதிவு பண்ணிக்கங்க.”

“அதுக்குப் பட்டன் இல்லீங்களே. திருட்டு, விபத்து, சந்தேகம். மூணுதான் இருக்கு.”

“சரிம்மா. ஒரு வண்டி இப்ப எங்க நிக்குதுன்னு மட்டும் பாத்துச் சொல்ல முடியுமா?”

“சும்மா பாக்க முடியாதுங்க. மூணுல ஒண்ணை அழுத்தினாத்தான் மேப்பே திறக்கும்.”

அண்ணி கைப்பேசியை அணைத்தாள். கண்ணாடியைக் கழற்றிப் புடவையில் துடைத்தாள். அது அழுக்காக இல்லை என்பதைக் கொழுந்தன் கவனித்தான்.

“ஜெனரேட்டர் சத்தம் எங்கேருந்து வருதுன்னு பாரு” என்றாள்.

*

கட்டடத்தின் பின்பக்கம், ஜெனரேட்டருக்கும் கழிவறைக்கும் நடுவில் இருந்தது அந்தப் புரட்சியின் காது. ஒரு மேசை, ஒரு கம்ப்யூட்டர், தலையில் மாட்டிய போனோடு ஒரு பெண். முதலில் பயந்தாள். அண்ணி எதுவும் மிரட்டவில்லை. தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தாள், காலை நீட்டிக்கொள்ள ஒரு பெட்டி கேட்டாள், “வண்டி எங்க நிக்குதுன்னு பொண்டாட்டிங்க நிறையக் கூப்பிடுவாங்களாம்மா” என்று கேட்டாள். அவ்வளவுதான். அந்தப் பெண்ணோடு பேச அதுவரை ஒருவரும் அந்த அறைக்கு வந்ததில்லை என்பது தெரிந்தது.

“தினம் நாலஞ்சு பேருங்க. வீட்டுக்காரரு வண்டி எடுத்துட்டுப் போனாரு, போன் எடுக்கலைம்பாங்க. பாவமா இருக்கும். சந்தேகம்னு அழுத்தி மேப்பைத் திறந்து, இங்க நிக்குதும்மான்னு சொல்லிட்டு உடனே அழிச்சிடுவேன்.”

“அழிக்க முடியாமப் போனது உண்டா?”

அண்ணி டிரைவரின் லைசென்ஸ் எண்ணைச் சொன்னாள். அந்தப் பெண் அதைத் தட்டவே இல்லை. நேராகப் பழைய பதிவுகளுக்குள் போய் ஒன்றைத் திறந்தாள். அது இருக்கும் இடம் அவளுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

குரல் கேட்டதும் கொழுந்தன் அண்ணியைப் பார்த்தான். காலையில் எதிர் நாற்காலியில் உட்கார்ந்து பேசிய அதே குரல்.

‘ஏம்மா, லாரிங்க எங்க இருக்குன்னு உங்களுக்குத் தெரியுமாமே. எங்க வீட்டுக்காரரு ரெண்டு நாளாப் போன் எடுக்கலை. காய்ச்சலோட கிளம்பிப் போனாரு. வழியில எங்கயாவது விழுந்து கிடக்குறாரான்னு பயமா இருக்கு.’

‘இருங்கம்மா, பாக்குறேன். … வண்டி பெரிய ரோட்டோரம் பெட்ரோல் பங்க்ல நிக்குது. எஞ்சின் ஆஃப்ல இருக்கு. தூங்குறாரு போல.’

‘அப்பாடா. நீ நல்லா இருக்கணும்மா. உன் புள்ளை குட்டிங்க நல்லா இருக்கணும்.’

‘எனக்கு இன்னும் கல்யாணமே ஆகலீங்க.’

‘ஆகும் கண்ணு, நல்ல இடமா அமையும்.’

இருவரும் சிரிக்கிற சத்தத்தோடு பதிவு முடிந்தது.

“அன்னிக்கு அடுத்தடுத்து நிறைய போன் வந்துச்சுங்க” என்றாள் அந்தப் பெண். “அழிக்கலாம்னு திரும்புறதுக்குள்ள அவங்க கம்பெனியிலேருந்து ரெண்டாவது விழுந்துருச்சு. ரெண்டு விழுந்தா பூட்டிக்கும், என்னால தொட முடியாது. மேல சொன்னேன். பாத்துக்கறோம்னாங்க. புகார் கொடுத்தவர்ங்கற இடத்துல அந்த அம்மாவோட நம்பர்தான் இருக்கு. நல்லது பண்றதா நெனச்சுதாங்க அழுத்தினேன்.”

“இங்க எல்லாரும் அப்படித்தாம்மா அழுத்தியிருக்காங்க” என்றாள் அண்ணி.

வெளியே வந்ததும் கொழுந்தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தான்.

“நல்ல சேதிதானே அண்ணி” என்றான். “முதல் ஆள் நம்ம கூடவே இருக்காங்க. வாபஸ்னு ஒரு வார்த்தை சொன்னாப் பச்சை. நாலு மணிக்குள்ள முடிஞ்சிரும்.”

“ஏழு மாசமா யாரைச் சபிச்சிட்டிருக்கோம்னும் நாலு மணிக்குள்ள தெரிஞ்சிரும்” என்றாள் அண்ணி. “சொல்லித்தான் ஆகணும். அவ கேட்டு வந்ததே அதைத்தான்.”

*

லாரிகள் நிறுத்தும் மைதானத்தில் நீலத் தார்ப்பாயைக் கட்டி நிழல் போட்டிருந்தார்கள். மேடையில் திரை, திரையில் சிறகடிக்கும் கழுகு. வரிசையில் ஒரு பத்திருபது பேர் நின்றார்கள். அவர்களில் நிஜத் திருடர்களைக் கண்டுபிடிப்பது சுலபம். அவர்கள் சந்தோஷமாக இருந்தார்கள்.

டிரைவர் வரிசையின் நடுவில் இருந்தார். சோப்பு நீரில் ஊறி நகக்கண்கள் வெடித்த கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டிருந்தார். மனைவி தண்ணீர் பிடிக்கப் போயிருந்தாள். அண்ணி அவரை ஒரு லாரியின் மறைவுக்குக் கூப்பிட்டாள்.

“முதல் புகார் யாருதுன்னு தெரிஞ்சிடுச்சுங்க. அவங்க வந்து வாபஸ் வாங்கிட்டா நீங்க இதுல நிக்கவே வேண்டாம். ஆனா அது யாருன்னா…”

“அவதானே?” என்றார் டிரைவர்.

தன் வாய் திறந்திருப்பது கொழுந்தனுக்குத் தெரிந்தது.

“எப்படித் தெரியும்?” என்றாள் அண்ணி.

“காய்ச்சல்ல பங்க்ல கிடந்துட்டு, லோடை எறக்கிட்டு வீட்டுக்கு வந்தேன். போன் தண்ணியில விழுந்து செத்துப்போச்சுன்னு சொன்னேன். அதனால என்ன, நான் அந்தச் சங்கத்துக்குப் போன் பண்ணிக் கேட்டேன், தங்கமான பொண்ணு, உடனே பாத்துச் சொல்லிட்டான்னு அவ்வளவு சந்தோஷமாச் சொன்னா. மறுநாள் கம்பெனிக்குப் போனா சிவப்புங்கறாங்க. ஒண்ணும் ஒண்ணும் ரெண்டுன்னு எனக்குத் தெரியாதாங்க?”

“ஏழு மாசமாத் தெரிஞ்சும் சொல்லலியா?”

“முதல் வாரம் சொல்லலாம்னுதான் இருந்தேன். சீக்கிரம் சரியாயிடும், அப்புறம் சொல்லிச் சிரிச்சுக்கலாம்னு விட்டேன். அதுக்குள்ள பாப்பா படிப்பை நிறுத்திட்டா. அதுக்கப்புறம் எப்படிங்க சொல்றது? உன் பொண்ணு படிப்பைக் கெடுத்தது நீதான்னா? தினம் ராத்திரி அவ விடுற சாபத்தைப் பக்கத்துல படுத்து நான்தான் கேக்குறேன். அதை அவ அவளுக்கேதான் விட்டுக்கிட்டிருக்கான்னு தெரிஞ்சா, அப்புறம் அவ தேற மாட்டா. என்னைத் திருடன்னு நாலு கம்பெனி சொல்லும், லோடு ஓட்டினா மறந்துடும்.”

“அது உங்க கணக்கு. எங்கிட்ட வந்தவங்க அவங்க. அவங்ககிட்ட நான் பொய் சொல்லணுமா?”

“பொய் வேணாம். கண்டுபிடிக்க முடியலைன்னு சொல்லிடுங்க.”

அது பொய்யில்லாமல் வேறென்ன என்று கேட்கத்தான் கொழுந்தன் வாயெடுத்தான். அதற்குள் தண்ணீர் பாட்டிலோடு அவர் மனைவி லாரியைச் சுற்றி வந்துவிட்டாள்.

“கிடைச்சானாங்க?” என்றாள், மூச்சு வாங்க. “யாருங்க அந்தப் பாவி?”

கொழுந்தன் அண்ணியைப் பார்த்தான். எத்தனையோ எரிந்த குடோன்களின் முன்னால், முதலாளியின் கண்ணைப் பார்த்து ‘நீங்களே கொளுத்தினது’ என்று கூசாமல் சொன்ன வாய் அது.

“இல்லம்மா” என்றாள் அண்ணி. “எங்களால கண்டுபிடிக்க முடியல.”

“உங்ககிட்ட போனா நடக்கும்னு ஊரே சொல்லுச்சு” என்றாள் டிரைவரின் மனைவி. “ஊர் சொல்றதை நம்பி வந்தேன் பாருங்க, என்னைச் சொல்லணும்.”

அண்ணி அதை வாங்கிக்கொண்டாள்.

மைக்கில் டிரைவரின் பெயரைக் கூப்பிட்டார்கள். அவர் மேடையேறினார். செயலாளர் கைகொடுத்தார், புகைப்படக்காரர் இன்னொரு தடவை கொடுக்கச் சொன்னார், இன்னொரு தடவை கொடுத்தார். மேசையில் இருந்த தாளை நிரப்பிக்கொண்டிருந்த பையன் நிமிர்ந்து, திருடிய பொருள் என்னவென்று கேட்டான். மைக் அதையும் மைதானம் முழுக்கச் சொன்னது. டிரைவர் விழித்தார். ஏழு மாதத்தில் அவர் யோசித்து வைக்காத ஒன்று அது மட்டும்தான்.

“பால் பவுடர் என்று போட்டுக்கொள்ளலாமா?” என்றார் செயலாளர் கருணையோடு.

“போட்டுக்கங்க” என்றார் டிரைவர்.

கைதட்டல். திரையில் தீர்ந்த வழக்குகளின் எண்ணிக்கை ஒன்று கூடியது. கழுகு சிறகடித்தது.

அவர் இறங்கி வரும்போது மனைவி படியருகில் நின்றாள். கொழுந்தனும் அண்ணியும் போகலாமா வேண்டாமா என்று தெரியாமல் இரண்டடி தள்ளி நின்றார்கள்.

“மஞ்சள் கிடைச்சா கிடைக்கட்டும்” என்றாள் அவள். “நான் இதோட விடமாட்டேங்க. இவங்க இல்லைன்னா இன்னொருத்தர். நாளைக்கே வேற ஆளைப் பாக்குறேன். நீங்க எடுக்கலை, அப்போ எவனோ ஒருத்தன் சொல்லியிருக்கணும்ல? எங்க போயிடுவான்? என் உசிரு இருக்குறவரைக்கும் தேடுவேன்.”

டிரைவர் அண்ணியை ஒருமுறை பார்த்தார். பிறகு மனைவியின் கையிலிருந்த பாட்டிலை வாங்கி, மூடியைத் திறந்து, குடிக்காமல் மறுபடி மூடினார்.

“தேடாத” என்றார். “ஆளு யாரும் இல்ல. நான்தான் எடுத்தேன்.”

“என்னங்க சொல்றீங்க?”

“எடுத்தேன். அவ்வளவுதான்.”

மேடையில் அடுத்த பெயரைக் கூப்பிட்டார்கள். அவள் அவர் முகத்தில் எதையோ தேடினாள். தொழிலுக்காகத் தேடுகிறவர்கள் யாரும் அப்படித் தேடிக் கொழுந்தன் பார்த்ததில்லை. டிரைவர் முகத்தைத் திருப்பவில்லை. நெடுஞ்சாலையில் எதிர்வெளிச்சத்தைப் பார்த்து ஓட்டிப் பழகிய கண்.

அவள் அரையடி பின்னால் நகர்ந்தாள்.

“பாப்பாகிட்ட நான் என்னன்னு சொல்றது?” என்றாள்.

“லோடு கிடைச்சிருச்சுன்னு சொல்லு.”